அவளையே கேட்டுவிடலாம்

என் மகள் முதன்முதலாக "முடியாது" என்று கத்திய நாளில் நான் சமையலறைக்குள் போய் யாரும் பார்க்காமல் சிரித்தேன். அன்றைக்கு அச்சரப்பாக்கம் பக்கத்தில் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, வாசலில் ஆட்டோ வந்து நின்ற பிறகு, "நான் வரமாட்டேன், அங்க எல்லாரும் கன்னத்தக் கிள்ளுறாங்க, முடியாது போ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. "இன்னாடி புள்ள வளத்து வெச்சிருக்கே?" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கோ சாமிக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டும் போல இருந்தது. அதற்கு முன்னால் வெகுகாலம் அவள் வாயிலிருந்து மறுப்பென்று ஒரு சொல் வந்ததில்லை. மறுப்பு என்ன, சொல்லே வந்ததில்லை.

நாங்கள் இருப்பது புதுப்பட்டினத்தில். நான் மருந்துக்கடை ஒன்றில் பில் போடுகிறேன். அவர் வேன் ஓட்டுகிறார். செங்கல்பட்டு போகிற ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பெண்ணைச் சேர்க்க அப்போது வழியில்லாமல், தெருமுனையில் இருந்த ஒரு சின்ன நர்சரியில் போட்டோம். அங்கே அவளுக்கு எழுத்து ஏறவில்லை. 'b' எது 'd' எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மிஸ் அவளை பெஞ்சுமேல் நிற்கவைத்து, அவள் சிலேட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் தூக்கிக் காட்டியிருக்கிறாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, அதுவே அந்த வகுப்பின் வேடிக்கையாக இருந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

முதலில் பள்ளிக்கூடத்தில் பேச்சு நின்றது. பிறகு தெருவில் நின்றது. கடைசியாக வீட்டிலும் நின்றுவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாள். புருவ மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, இடது கண்ணுக்கு மேலே வழுவழுவென்று ஆகிவிட்டது. டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, பயந்திருக்கா" என்றார். யார் பயமுறுத்தினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பேசாத பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பேர் வைத்துவிட்டார்கள். அந்த வாய்களில் நெருப்பை வைக்க.

ஒருநாள் கடைக்கு ஒரு அம்மா வந்து, பேண்ட் எய்ட் பெட்டி பெட்டியாக வேண்டுமென்று கேட்டாள். நரைத்த கிராப்பு, கையில் மண். "கிளினிக்கா வெச்சிருக்கீங்க?" என்றேன். "பள்ளிக்கூடம்" என்றாள் அவள். "மரம் ஏறுவாங்க, விழுவாங்க. கத்தி பிடிச்சுக் காய் நறுக்குவாங்க. அதுக்குத்தான்." எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தை கையில் கத்தியைக் கொடுக்கிற பள்ளிக்கூடமும் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். "வந்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரமே லீவு சொல்லிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

மகாபலிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈசிஆரிலிருந்து கடல் பக்கமாக ஒரு மண் ரோடு இறங்குகிறது. அங்கே சவுக்குத்தோப்புக்கு நடுவில் நாலைந்து ஓட்டுக் கொட்டகை. அதுதான் பள்ளிக்கூடம். மணி கிடையாது, யூனிபார்ம் கிடையாது, பரீட்சை கிடையாது, ரேங்க் கார்டு கிடையாது. பெரியதும் சின்னதுமாகப் பிள்ளைகள் ஒரே கொட்டகையில் கலந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, ஒன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது, ஒன்று சும்மா படுத்துக்கொண்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார்களை எல்லாரும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். பேண்ட் எய்ட் வாங்கியவள்தான் அங்கே பெரிய அக்கா. அவள் என் மகளிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒரு முறத்தில் வேர்க்கடலையைக் கொட்டி அவள் முன்னால் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் என் பெண்ணும் உடைத்தாள். நான் அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

வீட்டுக்காரர் குதித்தார். "மரம் ஏறக் கத்துக்கறதுக்கு இஸ்கூலா? அத நான் ஃப்ரீயாவே கத்துக்கினேன், இன்னா ஆனேன்? டிரைவரா ஆனேன்!" என்றார். நான் விடவில்லை. "பேசாத புள்ள எந்த இஸ்கூல்ல இருந்தா இன்னா? இங்க அடிக்காம இருப்பாங்க இல்ல?" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேன் கழுவப் போய்விட்டார்.

முதல் வருடம் அவள் அங்கே மண்ணில் குழி தோண்டினாள். உண்மையாகவே அவ்வளவுதான் செய்தாள். தோண்டினாள், மூடினாள், மறுபடியும் தோண்டினாள். "இது எவ்ளோ நாளைக்கு?" என்று பெரிய அக்காவிடம் கேட்டேன். "அவளுக்குப் போதும்கிற வரைக்கும்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புருவத்தில் மயிர் முளைத்திருந்தது. அதைப் பார்த்தபிறகு என்ன சண்டை போடுவது?

பேச்சு திரும்பி வந்தது ஒரு நண்டால். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு பையன் குச்சியால் நண்டைக் குத்தியிருக்கிறான். இவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து, "அதுக்கு வலிக்குது" என்றாளாம். பெரிய அக்கா எனக்குக் கடைக்கே போன் பண்ணிச் சொன்னாள். நான் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய இருமல் மருந்தை இன்னொருவர் பையில் போட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் திட்டத் திட்ட நான் இளித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு என்ன தெரியும்!

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் யாரும் அடிப்பதோ அதட்டுவதோ இல்லை. இரண்டு பேரையும் பாயில் எதிரெதிரே உட்காரவைப்பார்கள். முதலில் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவருக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். என் பெண் இதில் பெரிய கில்லாடி ஆகிவிட்டாள். வாய் பேசாமல் இருந்த காலமெல்லாம் முகத்தைத்தானே படித்துக்கொண்டிருந்தாள். பெரிய பிள்ளைகள்கூடச் சண்டை தீர்த்துவைக்க அவளைக் கூப்பிடுவார்களாம். வீட்டுக்கு வந்தும் விடமாட்டாள். நானும் அவரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நடுவில் வந்து, "அம்மா, அப்பாவுக்கு இப்ப கோவம் இல்ல, பசி" என்பாள். அவர் சிரித்துவிடுவார். சோற்றைப் போடுவேன். சண்டை எங்கே போனதென்றே தெரியாது.

பிறகு அவள் மறுத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். அந்தக் காதுகுத்து நாள்தான் ஆரம்பம். அப்புறம் எதற்கெடுத்தாலும் ஒரு வழக்கு. "ஏன் இப்பவே குளிக்கணும்?" "நீ சொன்னா நான் ஏன் செய்யணும்?" பக்கத்து வீட்டுக்காரி, "உன் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்றாள். அதை நான் மெடல் மாதிரி வாங்கிக் குத்திக்கொண்டேன்.

படிப்பு மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, வந்த பஸ்ஸின் போர்டை எழுத்தெழுத்தாகக் கூட்டி, "கல்பாக்கம்!" என்று கத்தினாள். நின்றிருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வந்தேன். சாயந்திரம் அவரிடம் சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியது. அடுத்த நிமிஷம், "இங்கிலீஷ்ல படிப்பாளா?" என்றார்.

அவரைக் கெட்டவராகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் டை கட்டின பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பெரிய கேட்டுக்குள் இறக்குகிறார். அதுகள் வேனில் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும். அவரைப் பற்றியே பேசினாலும் அவருக்குப் புரியாது. "அங்கிள், டோன்ட் டாக்" என்று ஒரு பொடிசு சொன்னதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய அண்ணன் பிள்ளைகள் ஊரில் அதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஊருக்குப் போனால் அண்ணி, "உங்க பொண்ணு எத்தினியாவது?" என்று கேட்பாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையாவது என்றே கிடையாது. அவர் அந்தக் கேள்விக்கு விழிப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

போன வருடம் மாசி மாதம் ஒருநாள் அவர் அதிரசம் வாங்கிக்கொண்டு வந்தார். தான் வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்து மேனேஜரைப் பார்ப்பதற்காக ஆபீஸுக்கு வெளியில் பல நாள் நின்றிருக்கிறார். டிரைவர் பிள்ளைக்கு என்று ஒரு சீட்டு தருவதாகச் சொல்லிவிட்டார்களாம். "நம்ம பாப்பாவுக்கு சீட்டு கெட்ச்சிடுச்சுடி" என்று அவர் சொன்னபோது அவர் முகம் சின்னப் பையன் முகமாக இருந்தது. நான் அந்த அதிரசத்தைத் தொடவில்லை.

"அவ வாயத் தொறந்து இப்பதான் பேசிகினு கீறா. மறுபடி பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கணுமா?"

"எல்லா இஸ்கூலும் அப்படியா? நான் கீறேன் இல்ல அங்க? என் கண்ணு முன்னாடி எவன் நிக்க வெப்பான்?"

"நீ கேட்டுக்கு வெளிய கீறே. உள்ள இன்னா நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து வீட்டில் தினமும் பேஜாரு. பிள்ளைக்கு எதிரில் பேசக் கூடாது என்று தொண்டையை அடக்கி அடக்கிச் சண்டை போட்டோம். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் படம் வரைந்துகொண்டிருப்பாள். அவளுக்கா கேட்காது!

கடைசியில் நான் பெரிய அக்காவிடம் போய் நின்றேன். அவள் வந்து அவரிடம் பேசுவாள், பெரிய படிப்புப் படித்தவள், நாலு வார்த்தை எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இங்க ஒரு குழந்தையப் பத்தின முடிவ அந்தக் குழந்தை இல்லாம எடுக்கறதில்லம்மா. ரெண்டு பேரும் வாங்க. வட்டத்துல உக்காந்து அவளையே கேட்டுடலாம்" என்றாள். வட்டம் என்றால், வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளும் அக்கா அண்ணாக்களும் பாயில் சுற்றி உட்கார்ந்து பேசுவது. என்ன பாட்டு, என்ன செடி, யார் பெருக்குவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். ஒரு நிபந்தனையும் போட்டாள். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையிடம் இதைப்பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அவள் என்ன சொல்கிறாளோ அதுவே முடிவு.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். லீவு நாளில்கூடப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அழுகிற பிள்ளை வேறு என்ன சொல்லும்? அவரும் உடனே ஒத்துக்கொண்டார். "சரி, அவளே சொல்லட்டும்" என்றார். அதுதான் எனக்கு ஆச்சரியம். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அந்த வாரம் முழுக்க அவளிடம் வேனைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்தார். காக்கிச் சட்டையோடு, வேனை மண் ரோட்டில் நிறுத்திவிட்டு. செருப்பைக் கழற்றி, பாயில் காலை மடக்கி உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடிமேல் கட்டிக்கொண்டார். ஹெட்மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தது போல இருந்தது. மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பெரிய அக்கா, இன்னொரு அண்ணா, நாங்கள் மூன்று பேர், அவ்வளவுதான். அக்கா முதலில் அவரைத்தான் பேசச் சொன்னாள்.

"எனக்கு உங்கள மாதிரி பேசத் தெரியாது மேடம்" என்று ஆரம்பித்தார். "நீங்க என் புள்ளைய பேச வெச்சிங்க. உங்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனா நான் டெய்லி ஊரான் வூட்டுப் புள்ளைங்கள கூட்டினு போயி எறக்கி வுடுறேன். பத்தாவது பெயிலு நானு. அந்த கேட்டு உள்ள எனக்கு வேலை இல்ல. என் புள்ள ஒரு நாளாவது அது உள்ள போயி நான் பாக்கணும். அவ்ளோதான் மேடம்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னாள். "அவ இங்க சந்தோஷமா இருக்கா. எனக்கு அது போதும்" என்றேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தைரியமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் நானும் அழுதிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை.

"கண்ணா, நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?" என்று அக்கா கேட்டாள்.

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கேள்வியை நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது.

"நான் அப்பா கூட வேன்ல போறேன்" என்றாள்.

"யாருக்காகவாவது சொல்றியா? இல்ல, உனக்கே அப்படித் தோணுதா?" என்றாள் அக்கா.

"எனக்கேதான்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்த அவர் கையைப் பிரித்து அதற்குள் தன் கையை வைத்துக்கொண்டாள்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "சரி. அவ சொல்லிட்டா" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேனை எடுக்கப் போனதும், குழாயடியில் பெரிய அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்பது வயசுப் புள்ளைகிட்ட கேக்குற கேள்வியா அது? அப்பாவா அம்மாவான்னு கேட்டீங்க. அதுக்கு வேற எப்படி காதுல வுழும்?"

"நான் பள்ளிக்கூடத்தப் பத்திதான் கேட்டேன்மா."

"யாரு மூஞ்சி வாடி கீதுன்னு மொதல்ல பாக்க கத்துக் குடுத்தது யாரு? நீங்கதானே! அவ பாத்தா. பாத்துட்டு சொன்னா. உங்களுக்கு அது கூடவா தெரியல?"

அவளுக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. "தெரிஞ்சுது" என்றாள். "ஆனா அவ வார்த்தைய நான் மதிக்கணும்மா. இன்னிக்கு அவ சொன்னத மாத்தினா, நாளைக்கு இங்க எந்தக் குழந்தையும் என்கிட்ட உண்மை பேசாது."

"மதிச்சுக் கிழிச்சீங்க" என்றேன். அந்த அம்மாள் என் பிள்ளைக்கு வாயைத் திருப்பிக் கொடுத்தவள். அவளைப் பார்த்து அப்படிச் சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ரோட்டில் வேன் திரும்பியது. முன் சீட்டில் என் மகள் உட்கார்ந்துகொண்டு, அவரைச் சிரிக்கவைக்க என்னென்னவோ சேட்டை பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். அவள் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்ற சந்தோஷம் அவருக்கு. நான் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜூன் மாதம் டை கட்டி, ஷூ மாட்டி, அவரே தலைவாரிவிட்டுக் கூட்டிப்போனார். கேட்டுக்குள் அவள் போவதைப் போனில் படம் எடுத்து, அண்ணன் வீடுவரைக்கும் அனுப்பினார். நான் பயந்ததுபோல அவளைப் பெஞ்சுமேல் யாரும் நிற்கவைக்கவில்லை. புருவத்தைத் தினமும் பார்த்தேன், அதுவும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் நிற்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆகஸ்டில் மிஸ்ஸைப் பார்க்கப் போனபோது, "ரொம்ப சமத்துங்க உங்க பொண்ணு. இருக்கிற இடமே தெரியாது. எது சொன்னாலும் எஸ் மிஸ்தான்" என்றார் அந்த மிஸ். நல்ல மனுஷிதான். என் நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அப்படித்தான். குளி என்றால் குளித்தாள். டிவியை அணை என்றால் அணைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளுடைய புது கிரேயான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போய் வாங்கிக்கொண்டு வா என்றேன். "வெச்சுக்கட்டும்மா, அவளுக்குத்தான் ரொம்ப ஆசையா இருந்துது" என்றாள். "உனக்கு ஆசையா இல்லையாடி?" என்று கத்தினேன். கத்தினதும் உடனே, "சாரிம்மா, போய் வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள். ஐயோ, ஒரு சண்டையாவது போடேன், நீ சொன்னா நான் ஏன் செய்யணும் என்று ஒரு தடவை கேளேன் என்று எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வேனில் ஜன்னலோர சீட்டுக்கு எப்போதும் அடிதடி நடக்கும். இவள் ஏறுவது முதல் ஆளாக. ஜன்னல் பக்கம் உட்காருவாள். அடுத்து யார் ஏறி முகத்தைத் தூக்கினாலும் எழுந்து கொடுத்துவிடுவாள். கடைசியில் இன்ஜின் பக்கத்துச் சூட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் மற்றப் பிள்ளைகளை அதட்டியிருக்கிறார். "எனக்கு ஜன்னல் வேணாம்பா, காத்து ஜாஸ்தி" என்றாளாம் இவள்.

ஐப்பசி மழை ஒருநாள் விட்ட சாயந்திரம், அவளைப் புதுப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் அவள் கால் கழுவப் பின்பக்கம் போனாள். அவர் நேராகச் சமையலறைக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பழைய இஸ்கூலுக்கே போறியா பாப்பான்னு கேட்டேன்டி" என்றார்.

நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

"என் மூஞ்சியவே பாத்தா. பாத்துட்டு, வேணாம்பா, உன் வேன்தான் ஜாலின்னா. சரின்னுட்டு வந்துகினு கீறேன், என் கைய தடவிக் குடுத்து, நீ கவலப்படாதப்பான்றா." அவருக்கு மூச்சு வாங்கியது. "என் புள்ள என்னக் காப்பாத்துறதுக்கு பொய் சொல்லுதுடி. அன்னிக்கும் அதான் சொல்லிக்கீது. எனக்குத் தெரியாம பூட்ச்சே."

அவர் வாய்விட்டு அழுது நான் அதற்குமுன் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், அவர் அப்பா செத்த அன்றைக்கு. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். உள்ளே வந்து பார்த்தால் அவள் மறுபடியும் ஏதாவது வேடிக்கை காட்ட ஆரம்பிப்பாளே என்று இரண்டு பேரும் அவசர அவசரமாக அழுது முடித்தோம்.

மறுநாள் பெரிய அக்காவுக்குப் போன் பண்ணினேன். கோபமெல்லாம் அவளிடம் இல்லை. "அவ இடம் அப்படியேதான் இருக்கு. எப்ப வேணா கூட்டிட்டு வாங்க. அவ வாயால வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்! கேட்காமலே கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அதைப் பேசினோம். ஆனால் அப்பாவும் அம்மாவும் இப்போது இதைத்தான் விரும்புகிறார்கள் போல என்று அவள் அதற்கும் சிரித்துக்கொண்டே பையைத் தூக்குவாளே. ஒருவேளை இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உண்மையாகவே ஏதாவது பிடித்திருந்து, ஒரு சிநேகிதி கிடைத்திருந்து, அதையும் எங்களுக்காக விட்டுவிட்டால்? எங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"நீ கேளு. உன்கிட்ட சொல்லுவா" என்று அவர் தினமும் நச்சரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி, என் இரண்டு முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் வெறும் சுவர். இப்போது கேட்டால் அவளுக்கு என் முகம் தெரியாது என்று தோன்றியது. அவரை வெளியில் போய் நிற்கச் சொல்லி ஜாடை காட்டினேன். குரலில் ஒன்றும் தெரியக் கூடாது என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு, மளிகைக்கடையில் என்ன வாங்கணும் என்று கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏன் பாப்பா, உனக்கு ரெண்டு இஸ்கூல்ல எது புடிச்சிருக்கு?"

என் கையில் அவள் பின்னல் பாதியில் நின்றது. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு அவள் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது.

"எனக்கு ரெண்டுமே ஓகேதாம்மா" என்றாள்.